பண்ணையார் ஜீப்பில் வந்த ஜெர்மன் வினைச்சொற்கள்

புதிதாக ஜெர்மன் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் உங்களுக்காக, அனுபவசாலி என்ற முறையில் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி உங்கள் பயிற்சி நிலையத்தை நடத்துபவர் கேட்டார். எழுதுவதற்கு முன்னால் ஒரு வகுப்பைப் பார்க்கிறேன் என்றேன். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் சாலையில், ஸ்கூட்டிகளுக்கு நடுவே வழி தேடி மாடியேறி வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஆகவே நல்ல வார்த்தையை எதிர்பார்த்துப் படிக்க ஆரம்பித்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகத் தயாராகும் பெண்களின் வகுப்பு அது. சுவரில் இரண்டு பத்தி அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் பிரியும் வினைகள், மறுபக்கம் பிரியாத வினைகள். ஒரு பெண் எழுந்து, "சார், சில வினை மட்டும் ஏன் ரெண்டா உடையுது?" என்று கேட்டாள். அன்றைய வகுப்பில் நான் கேட்ட உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், "அது அப்படித்தாம்மா. பரீட்சையில காரணம் கேக்க மாட்டாங்க. மனப்பாடம் பண்ணிக்குங்க" என்றார். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

அது அப்படித்தான் என்று ஒன்றும் கிடையாது. கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் வினையின் தலையில் உட்கார்ந்திருக்கும் பெ, ஃபெர், எர், என்ட் எல்லாம் ஒரு காலத்தில் தன் காலில் நடந்த சொற்கள். பக்கத்தில், முன்னால், வெளியே, எதிரே என்று சொந்தமாகப் பொருள் வைத்திருந்தவை. காலம் போகப் போக அழுத்தம் குறைந்து, தேய்ந்து, வினையோடு ஒட்டிக்கொண்டன. இப்போது பிடித்து இழுத்தாலும் வராது. அன், ஔஃப், அப், ஔஸ் போன்றவை அந்த அளவுக்குத் தேயவில்லை. அவை இன்றைக்கும் வினையைவிட்டுக் கழன்று வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும் கூட்டம் ஒன்றும் உண்டு. 'இது என் கடமை' என்று சொல்லப் பயன்படும் ஒப்லீகன் என்ற வினை முன்பெல்லாம் பிரிந்துதான் வந்தது. இன்று பெரும்பாலோர் அதைப் பிரிப்பதில்லை. உங்கள் சுவர் அட்டவணையில் ஒரு சொல் இந்தப் பத்தியிலிருந்து அந்தப் பத்திக்குப் போயிருக்கிறது. இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஆயுளுக்கும் மறந்திருக்க மாட்டாள்.

பொருளும் அப்படித்தான் நகர்ந்தது. ஹோரன் என்றால் கேட்பது. அதன் முன்னால் மேலே என்று பொருள்படும் ஔஃப் வந்தால் ஔஃப்ஹோரன், நிறுத்துவது. கேட்பதற்கும் நிறுத்துவதற்கும் என்ன சம்பந்தம்? வேலை செய்துகொண்டிருப்பவன் ஏதோ சத்தம் கேட்டுத் தலையை நிமிர்த்தினால் கை நின்றுவிடுகிறது அல்லவா? நாளடைவில் காது போய்விட்டது, நின்றது மட்டும் மிஞ்சியது. அன்ரூஃபன் என்ற வினை முதலில் கடவுளையும் நீதிமன்றத்தையும் கூவி அழைப்பதற்கு இருந்தது. டெலிபோன் வந்த பிறகு அது டெலிபோனுக்கு வேலைக்குப் போய்விட்டது. இதைப் படித்துப் படித்துச் சொல்லியும், என் மாணவி ஒருத்தி பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒருவரின் குறிப்பை மொழிபெயர்த்தபோது, 'அவர் மனமுருகி ஆண்டவருக்கு போன் செய்தார்' என்று எழுதினாள்.

"அந்தக் காலத்துல ஏதும்மா போன்?" என்றேன்.

"ஆண்டவருக்கு எதுக்கு மேடம் ஒயரு?" என்றாள்.

அவளும் இப்போது எங்கோ ஆசிரியையாக இருக்கிறாள். அந்த ஊர்ப் பிள்ளைகளை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

பாடம் போதும். நான் சொல்ல வந்தது வேறு. இந்த வினைகளோடு கிடந்ததால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஜெர்மன்காரர் பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். வினையிலிருந்து கழன்ற பாதி கடைசியில் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடக்கூடும் என்ற பயம். நம் தமிழிலும் வினை கடைசியில்தான் வருகிறது. காத்திருப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் இங்கிலீஷ் வழியாக ஜெர்மன் படித்துவிட்டு, எதிராளி மூச்சு விடுவதற்குள் பாதி வாக்கியத்தை மொழிபெயர்த்து முடித்துவிடுகிறீர்கள். வகுப்பறையில் அதனால் மதிப்பெண் போகும். வெளியில் என்னென்ன போகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

கழக ஆட்சி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது. டெல்டாவில் நிலம் பினாமி பெயர்களில் பத்திரமாக இருந்தது. கீழத்தஞ்சைப் பக்கம் ஒவ்வொரு அறுப்புக்கும் கூலித் தகராறு. நான் அப்போது ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். பகலில் பி.காம். பையன்களுக்கு ஆங்கிலம் நடத்துவேன், மிச்ச நேரத்தில் ஜெர்மன் வினைகளின் சரித்திரத்தை ஆராய்வேன். கல்லூரித் தாளாளர் குத்தாலத்துப் பக்கம் பெரிய மிராசுதார். எல்லோருக்கும் அவர் பண்ணையார்தான். ஒவ்வொரு ஜூனிலும் அவர் தலையசைத்தால் எனக்கு அந்த வருடம் வேலை.

அந்தத் தை மாதத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பழைய வினைகளுக்கு அகராதி தொகுப்பவர். நான் அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு, நேரில் பேசிப் பார்க்கிறேன், சரிப்பட்டால் என் குழுவில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு என்று எழுதியிருந்தார். அந்த இடத்துக்காக நான் தவம் கிடந்தேன் என்றே சொல்லலாம். பழைய ஜெர்மன் பாதிரிமார் வாழ்ந்த தரங்கம்பாடியைப் பார்க்க அவர் ஆசைப்பட்டார். பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்றேன். "வெள்ளைக்காரரைப் பஸ்ஸில ஏத்துவீங்களாம்மா? காலேஜ் மானம் என்ன ஆவுறது?" என்று பண்ணையார் தன் ஜீப்பையே அனுப்பிவைத்தார்.

திருவையாற்றில் காவிரியைக் காட்டினேன். அவர் காவிரியைப் பார்த்துக்கொண்டே என் கட்டுரையின் மூன்றாம் அத்தியாயத்தில் குற்றம் கண்டுபிடித்தார். கும்பகோணம் வரை வாதம் செய்தோம். அவர் பேச்சு அப்படி. எழுவாய் தஞ்சாவூரில் ஏறினால் வினையின் மறுபாதி மாயவரத்தில்தான் இறங்கும். நடுவில் கமா கமாவாக ஊர்கள் போய்க்கொண்டிருக்கும்.

குத்தாலம் தாண்டியதும் டிரைவர் கோவிந்தராசு ஜீப்பை மெயின் ரோட்டிலிருந்து ஒரு வாய்க்கால் கரைக்குத் திருப்பினார்.

"எங்க போறீங்க?"

"களத்துல பண்ணைக் காரியக்காரர்கிட்ட ஒரு சாவி குடுக்கணும்மா. அஞ்சு நிமிஷம்."

அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. ஒரு வயலிலும் அரிவாள் படவில்லை. மதகுக்கு அருகில் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் பாதையில் உட்கார்ந்திருந்தது. கூலி நெல்லைக் கூட்டி அளக்காமல் அறுக்க மாட்டோம் என்று மறியல். பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் போகிறார் என்று ஒரு பேச்சு. அறுக்கிற மெஷின் வாங்கப் போகிறார் என்று இன்னொரு பேச்சு. இந்தச் சமயத்தில், பண்ணையார் ஜீப்பில், கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரரோடு நான் போய் இறங்குகிறேன்.

"டீச்சரம்மா வந்திருக்காங்க, வழிய விடுங்க" என்று கோவிந்தராசு அதட்டினார். யாரும் அசையவில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து வந்தார். இடுப்பில் சொருகிய அரிவாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் அந்த ஊர்க் கிளைக்கு அவர்தான் தலைவி, பெயர் தனபாக்கியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"யாருங்க டீச்சரம்மா இவரு? மெஷினு விக்க வந்தவரா?"

"இல்லங்க. இவர் ஜெர்மன்காரர். பெரிய வாத்தியார்."

"ஜெர்மன்காரரு மெஷினு செய்ய மாட்டாரா?"

கூட்டம் சிரித்தது. பேராசிரியர் என் காதருகே குனிந்து, இந்த அம்மாள் பேச்சில் வினை எது, எங்கே வந்தது என்று கேட்டார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நம்மை யாரென்று கேட்கிறார்கள் என்றேன். அப்படியானால் முழு உண்மையைச் சொல்லுங்கள், சுருக்காமல் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். வேறு என்ன செய்வது? உச்சி வெயிலில், அறுக்காத வயலுக்கு நடுவில், மறியல் செய்கிறவர்களுக்கு ஜெர்மன் வினைச்சொல்லின் வரலாற்றை நான் நடத்தினேன்.

"வந்துவிட்டான்னு எழுதுறோம்ல? வாயால என்ன சொல்றோம்? வந்துட்டான்னு சொல்றோம். அந்த 'விட்டான்' ஒரு காலத்துல தனியா நடந்த வார்த்தை. தேஞ்சு தேஞ்சு 'ட்டான்'னு ஒட்டிக்கிச்சு. இவங்க பாஷையில இந்த ஒட்டு முன்னால வரும். சிலது ஒட்டிக்கிட்டே போச்சு. சிலது இன்னமும் கழண்டு போயி கடைசியில நிக்கிது. எது எந்தக் காலத்துல ஒட்டுச்சு, ஏன் ஒட்டுச்சுன்னு பாக்குறதுதான் இவர் வேலை. என் வேலையும் அதான்."

தனபாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒட்டுனா என்ன, ஒட்டாட்டி என்னங்க?"

அதையும் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார் பேராசிரியர். கேட்டுவிட்டு, இந்தியாவில் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே இதுதான் சிறந்தது என்று பதில் சொல்ல ஆரம்பித்தார். அது லேசில் முடியவில்லை.

"இதுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?" என்று நடுவில் கேட்டார் தனபாக்கியம்.

"அவங்க கவர்மெண்ட்டு."

"ஒட்டுறத எண்ணுறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க. அறுக்குறதுக்கு இங்க நெல்லு அளக்க மாட்டேங்குறாங்க."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. எங்களை அவர்கள் நம்பினார்களா என்று தெரியாது. ஆனால் இவ்வளவு கிறுக்குத்தனமாக யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். "ஜீப்பு களத்துக்குப் போவாது. நீங்க நடந்து போறதுன்னா போங்க, ரோட்டுல பஸ்ஸு வரும்" என்று சொல்லி, புங்கமரத்து நிழலில் உட்காரவைத்துச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். கோவிந்தராசு குடிக்கவில்லை, ஏன் குடிக்கவில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பேராசிரியர் ஒரே மூச்சில் குடித்தார். நானும் குடித்தேன். கிளம்பலாம் என்று அவரைக் கெஞ்சினேன். கேள்விக்கு இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை என்றார்.

அதற்குள் களத்திலிருந்த காரியக்காரர் சைக்கிளில் போய்ப் பண்ணையாருக்குத் தகவல் கொடுக்க, போலீஸ் வேன் வந்துவிட்டது. இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார்.

"வெளிநாட்டுக்காரரை மறிச்சு வச்சு, அரிவாளைக் காட்டி மிரட்டியிருக்காங்க. அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கம்மா. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

மிச்சம் என்னவென்று எனக்குப் புரிந்தது. தனபாக்கியத்தை வேனில் ஏற்றுவார்கள். அவர் போனால் மறியல் கலையும். பொழுது விடிந்தால் வெளியூர் ஆள் வயலில் இறங்கிவிடும். அந்தச் சேரி முழுவதும் வருடத்தில் கண்ணால் பார்க்கும் நெல் அந்த ஓர் அறுப்புக் கூலிதான்.

பேராசிரியருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் சாட்சி சொல்வதென்றால் தன் மொழியில்தான் சொல்வேன், நீங்கள் மொழிபெயர்க்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டார். எழுந்து நின்று ஆரம்பித்தார். தனபாக்கியத்தின் இடுப்பு அரிவாளைக் கையால் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டார். தனக்கு மிகவும் பயமாக இருந்தது என்றும், வழி விடும்படி டிரைவர் கேட்டும் விடவில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

"பாத்தீங்களா, அரிவாளைக் காட்டுறார், நெஞ்சைத் தொடுறார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "பயந்துட்டார். யோவ், எழுதுய்யா." ஏட்டு எழுத ஆரம்பித்தார். "சொல்லுங்கம்மா, அதானே சொன்னார்?"

"அவர் இன்னும் முடிக்கல சார்."

"முடிச்ச வரைக்கும் சொல்லுங்க."

"முடிக்கட்டும் சார்."

"உங்க தாளாளர்தாம்மா போன் பண்ணி என்னை அனுப்பினார். தெரியும்ல?"

தெரியும். பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். அவர் சொன்ன பாதியை நான் அப்படியே தமிழில் சொல்லியிருக்கலாம். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இருந்திருக்காது. வேலையும் நிலைத்திருக்கும், யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கவும் முடியாது. அன்று அவர் பேசியதில் வினோதமான வினை ஒன்றும் இல்லை. எல்லாம் சாதாரணச் சொற்கள்தான். எனக்கு வீரமும் இல்லை. பேசுகிறவர் முடிக்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்ற பழக்கம் மட்டும்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூக்குக்கண்ணாடியை ஒரு மனிதர் அவ்வளவு நேரம் துடைத்து நான் பார்த்ததில்லை. கையிலிருந்து பிடுங்கி எறியலாம் என்றிருந்தது.

"என்ன சொல்றாரு டீச்சரம்மா?" என்றார் தனபாக்கியம்.

"இன்னும் சொல்லி முடிக்கலங்க."

"முடிக்கட்டும்" என்று அவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடர்ந்தார். அறுப்பு நேரத்தில் அறுக்கிறவர்கள் அரிவாளை வேறு எங்கே வைத்துக்கொள்வார்கள் என்று பிறகுதான் தனக்கு உறைத்தது என்றார். ஒருவரும் தன்னைத் தொடவில்லை, அரிவாளை உருவவும் இல்லை, நிழலும் தண்ணீரும் கொடுத்தார்கள், போகலாம் என்றார்கள், போகாமல் உட்கார்ந்திருந்தது தானேதான் என்றார். பயம் என்பது தன்னிடம் இருந்ததே தவிர, பயமுறுத்தல் அவர்களிடம் இல்லை என்று சொல்லி, இதைச் சரியாக எழுதிக்கொண்டார்களா என்று கேட்டு முடித்தார்.

பயந்ததையும் சேர்த்து, ஒன்றையும் விடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன். ஏட்டு எழுதியிருந்ததை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொன்னேன். எழுதியதைத் திரும்ப ஜெர்மனில் சொல்லிக் காட்டிய பிறகுதான் பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "தாளாளருக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்றார். வேன் வந்த மாதிரியே திரும்பிப் போனது.

நாங்கள் தரங்கம்பாடியைப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் பேராசிரியர் ஒரு வார்த்தை பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விட்ட இடத்திலிருந்து மூன்றாம் அத்தியாயத்தை எடுத்தார்.

ஜூனில் பண்ணையார் தலையசைக்கவில்லை. ஜெர்மனியில் அந்த இடத்துக்கு, வேலை பார்த்த கல்லூரியின் நற்சான்று வேண்டும் என்றது அவர்களுடைய அலுவலகம். பண்ணையார் அதையும் தரவில்லை. பேராசிரியர் மிகவும் வருந்தி எழுதினார். வருத்தத்தையும் நீளமாகத்தான் எழுதினார். தஞ்சாவூரில் வாடகை அறை ஒன்றில் வெளிநாடு போகிறவர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். இதெல்லாம் யாருக்காக என்ற எரிச்சல் அடங்கவேயில்லை. ஒருநாள் பஸ் ஏறிக் குத்தாலத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு தனபாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், மறைப்பானேன்.

அவர் அப்போதுதான் ஜெயிலிலிருந்து வந்திருந்தார். களத்து நெல்லைத் திருடியதாக வழக்குப் போட்டு, அறுப்பு முடிந்ததும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"அப்ப நான் அன்னிக்கு அவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு நின்னதுக்கு என்னங்க அர்த்தம்? எப்படியும் புடிச்சுட்டாங்களே. என் வேலை போனதுதான் மிச்சம்."

தனபாக்கியம் உள்ளே பார்த்தார். மூலையில் ஒரு சாக்கு, அடியில் கொஞ்சம் நெல்லோடு சாய்ந்திருந்தது.

"புடிப்பாங்கன்னு எனக்குத் தெரியுங்க. எப்பங்கிறதுதான் பேச்சு" என்றார். "அன்னிக்கே ஏத்தியிருந்தா மறுநாளு வெளியூரு ஆளு எறங்கியிருக்கும். கேட்ட கூலி கெடச்சு, அறுத்து, களத்துல அளந்து, நெல்லு வீட்டுக்கு வந்தப்புறம்தான் என்னைப் புடிச்சாங்க. நான் உள்ள கெடந்தப்ப எம் புள்ளைங்க பட்டினி கெடக்கல டீச்சரம்மா. இந்த நெல்லத்தான் குத்திக் குத்தித் தின்னுச்சுங்க."